பிடித்த வேலையில் மூழ்குவது எப்படி: நயினார்குளக் கரையிலிருந்து

பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு பார்க்கிறேன். தீபாவளி நெருங்கினால் ராத்திரி கண்ணை மூடினாலும் பில் நம்பர்தான் ஓடும். அந்த ஓட்டத்தை நிறுத்தியது முக்குளிப்பான் என்ற நீர்ப்பறவை. வாத்துக்குஞ்சு மாதிரி இருக்கும், வாலே தெரியாது, அடிக்கடி தண்ணிக்குள் போய்விடும்.

சின்ன வயதிலிருந்தே எனக்குப் பறவைகள் பிடிக்கும். நாலு வருடத்துக்கு முன் காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திருநெல்வேலி டவுனுக்கு, நயினார்குளத்துக்குப் போக ஆரம்பித்தேன். முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. கண் குளத்தில் இருக்கும், மனசு லெட்ஜரில் இருக்கும். ஒருநாள் முக்குளிப்பான் முங்கியதும் சும்மா ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பதினான்கில் எழுந்தது. அடுத்த தடவை பதினேழு. அதற்கடுத்து, எண்ணி முடித்தும் காணவில்லை; அமலைச் செடிக்கு அந்தப் பக்கம் எழுந்து தலையைச் சிலுப்பிக்கொண்டிருந்தது. மணி பார்த்தால் முக்கால் மணி நேரம் போயிருக்கிறது. அத்தனை நேரமும் கடை நினைப்பு ஒரு தடவைகூட வரவில்லை.

அதனால் நான் முதலில் சொல்வது இதுதான்: ஒரு சின்னக் கேள்வியோடு உட்காருங்கள். பதில் அங்கேயே, அப்போதே கிடைக்க வேண்டும். 'இந்தக் குளத்தில் என்னென்ன பறவை இருக்கிறது' என்பது பெரிய கேள்வி, மலைப்பாகிவிடும். 'எத்தனை எண்ணுவதற்குள் எழும்' என்பது போதும். பூத்தையல் போடுகிறவர்களுக்கு 'இந்தத் தையலும் முந்தையதும் ஒரே நீளமா' என்று பார்த்தால் போதும்.

அப்புறம், பழகப் பழகக் கேள்வியைக் கொஞ்சம் கடினமாக்குங்கள். எண்ணுவது சலித்ததும், எந்த இடத்தில் எழும் என்று ஊகித்தேன். பிறகு நீலத்தாழைக்கோழி என்ற இன்னொரு நீர்ப்பறவை, செடியின் தண்டை ஒரு காலால் பிடித்துத் தூக்கிக் கடிப்பதைக் கவனித்தேன். ஆனால் இரண்டாம் வருடமே ஆசைப்பட்டு, கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் உள்ளான் என்ற கரைப்பறவை வகைகளைப் பிரித்தறியப் போய்த் தலைவலியோடு திரும்பினேன். எல்லாம் ஒரே பழுப்பு! மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர் 1970-களில் மலையேறுகிறவர்கள், சதுரங்கம் ஆடுகிறவர்கள், நடனக்காரர்கள் என்று பலரிடம் பேசி, இந்த மூழ்கும் நிலையை ஆராய்ந்தார். வேலை நம் திறமைக்கு ரொம்ப லேசாக இருந்தால் சலிப்பு, ரொம்பக் கடினமாக இருந்தால் பதற்றம் என்றார். எனக்கு அந்த உள்ளான்கள் பதற்றம்.

இடத்தையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். எனக்குக் காலை ஆறிலிருந்து ஏழு. காய்கறி மார்க்கெட் லாரிச் சத்தம் முதல் பத்து நிமிடம் காதில் விழும், மனசும் அலையும். விடுங்கள், அடங்கிவிடும். போனை ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்துவிடுவேன். படம் எடுக்கப் போனால் பறவையைப் பார்க்க மாட்டோம், படத்தைத்தான் பார்ப்போம். ஒரு நோட்டில் நாலு வரி போதும்.

பலன் என்ன என்று கேட்டால், தூக்கம் வருகிறது. கணக்கு இடித்தால் முன்பெல்லாம் பதறிப்போய் மொத்தத்தையும் புரட்டுவேன். இப்போது வரிவரியாகப் பொறுமையாகப் போகிறேன், தப்பு அகப்படுகிறது. இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. டீக்கடை அண்ணாச்சி ஒருநாள் கேட்டார்: "என்னக்கா, தெனமும் கொளத்துல என்ன தேடுதிய?" சொன்னேன். இப்போது நான் வண்டியை நிறுத்தும்போதே, "கெழக்க நாலு கெடக்கு, ஒண்ணு குஞ்சை முதுகுல ஏத்தியிருக்கு" என்கிறார்.

நம் பக்கம் இதற்குத் தோதான ஊர். தாமிரபரணிக் குளங்களில் 2011 முதல் ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 1994-இல் சரணாலயமான கூந்தன்குளத்துக்கு, இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வருகிறது. அங்கே ஊர்க்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. நீங்களும் ஹாரன் அடிக்காதீர்கள்.

பைனாகுலர் வாங்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். முதல் வருடம் முழுக்க என்னிடம் இல்லை. வாங்குவதானால் எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. லென்ஸ் உள்ளது போதும். மடங்கு அதற்கு மேல் போனால் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும்.