கர்ப்ப காலத்தில் கப்பல் சுற்றுலா: வாரக் கணக்கைச் சரியாகப் போடுங்கள்

ராயல் கரீபியன், கார்னிவல், நார்வேஜியன் போன்ற பெரிய சொகுசுக் கப்பல் நிறுவனங்கள் 24 வாரம் தொட்டவர்களை ஏற்றுவதில்லை. பலர் ஏறும் நாளைக் கணக்கிட்டு ஏமாறுகிறார்கள். பார்க்க வேண்டியது பயணம் முடியும் நாள். 23 வாரம் 2 நாளில் ஏறி ஏழு இரவுப் பயணம் போனால், நடுவிலேயே 24 தாண்டிவிடும். துறைமுகத்திலேயே திருப்பி அனுப்புவார்கள். வாரத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுங்கள். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு: கப்பல் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தையைக் காப்பாற்றும் வசதி இல்லை, கரையோ பல மணி நேரத் தொலைவில்.

வாந்தி அடங்கியிருக்கும் 14 முதல் 20 வாரம்தான் எங்கள் பரிந்துரை. பிரசவத் தேதி, வாரம், பயணத்துக்குத் தகுதி மூன்றும் எழுதிய மருத்துவர் கடிதத்தையும் ஸ்கேன் அறிக்கையையும் கைப்பையில் வையுங்கள். காப்பீட்டில் கர்ப்பச் சிக்கலும் அவசரமாகக் கரைக்குக் கொண்டுசெல்லும் செலவும் அடங்குமா என்று படித்துப் பாருங்கள்.

அறை கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில் இருந்தால் ஆட்டம் குறையும். தலைசுற்றல் மாத்திரையை மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்குங்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸ் கப்பலில் வேகமாகப் பரவும். சானிடைசர் அதற்குப் போதாது. சாப்பிடுமுன் சோப்பால் 20 விநாடி கை கழுவுங்கள். பஃபேயில் சூஷி, அரைவேக்காட்டு முட்டை, புகையூட்டிய குளிர்மீன் வேண்டாம். வெந்நீர்த் தொட்டியிலும் இறங்காதீர்கள்.

ரத்தப்போக்கு, விடாத வயிற்றுவலி, நீர்க்கசிவு என்றால் அடுத்த துறைமுகம் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே கப்பல் மருத்துவரை அழையுங்கள்.