பிட் மாற்றுவதற்கு முன் குதிரையின் வாயைப் பாருங்கள்

லகானோடு இணைத்துக் குதிரையின் வாய்க்குள் குறுக்கே மாட்டும் கம்பிதான் பிட். குதிரை தலையை உதறினால், "இன்னும் கடுமையான பிட் போடு" என்பதுதான் லாயத்தில் முதலில் காதில் விழும் யோசனை. பெரும்பாலும் தவறு அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் பெண் குதிரை ஒன்று, இடப்பக்கம் லகானைத் தொட்டாலே வாயைப் பிளந்துகொண்டு தலையைத் தூக்கும். மூன்று பிட் மாற்றினோம். கடைசியில் கால்நடை மருத்துவர் வாய்க்குள் விரல் விட்டுத் தடவினார். மேல்தாடையில் முதல் கடைவாய்ப்பல்லுக்கு முன்னால், பயறு அளவில் ஒரு குட்டிப் பல். 'உல்ஃப் டூத்' என்பார்கள். பிட் அதில்தான் இடித்துக்கொண்டிருந்தது. பல்லை எடுத்து, புண் ஆறிய பிறகு பழைய பிட்டையே அமைதியாக ஏற்றுக்கொண்டது. பாவம், அத்தனை நாளும் அது வலியைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கடைவாய்ப்பற்களின் ஓரம் கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிப்பதும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவரிடம் காட்டி ராவிவிட வேண்டும்.

அடுத்தது, தடித்த பிட் என்றால் மென்மையானது என்ற நம்பிக்கை. முன்பற்களுக்கும் கடைவாய்ப்பற்களுக்கும் நடுவே பல் இல்லாத ஈறு இருக்கிறதே, பிட் உட்காரும் இடம் அதுதான். வாயை மூடினால் அந்த இடத்தை நாக்கே அடைத்துக்கொள்ளும். நாக்கு தடித்த, அண்ணம் தாழ்ந்த குதிரைக்குத் தடித்த கம்பி மூச்சு முட்டுகிற சுமை. மிக மெல்லியதோ ஈறை அறுக்கும். நடுவில் ஒரே மூட்டு உள்ள பிட்டில் இரு லகானையும் இழுத்தால் அது மடிந்து நாக்கை நெரிக்கும். இரண்டு மூட்டு உள்ளது நாக்கின் மேல் வளைந்து படியும் என்பதால், பல குதிரைகளுக்கு அதுவே இதம்.

அளவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். கயிற்றை வாயில் குறுக்கே வைத்து, இரு உதட்டோரத்திலும் அடையாளமிட்டு அளந்து பாருங்கள். வளையம் சுழலும் பிட் என்றால் பக்கத்துக்கு சுமார் 5 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். குறைந்தால் உதட்டைக் கிள்ளும், அதிகமானால் அங்குமிங்கும் நழுவும்.

பிட்டை மாட்டியதும் உதட்டோரத்தில் இரண்டு சுருக்கம் விழ வேண்டும் என்று சொல்வதையும் சட்டமாகக் கொள்ளாதீர்கள். உதட்டின் நீளம் குதிரைக்குக் குதிரை மாறும்.

வாயைப் பிளக்கிறது என்று மூக்குப்பட்டையை இறுக்குவது வலியை மறைப்பதுதான். மூக்கெலும்பின் மேல் இரண்டு விரல் நுழைய வேண்டும். முள் வைத்த பிட்டைத் தொடவே வேண்டாம். வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் விலங்குகளுக்கான 1965 ஆம் ஆண்டு விதிகள் அதைத் தடை செய்திருக்கின்றன.

ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் பிட்டைக் கழற்றியதும் உதட்டோரத்தை விரலால் லேசாக விரித்துப் பாருங்கள். தோல் சிவந்திருந்தால் மறுநாள் வாயில் எதுவும் மாட்டாதீர்கள்.