பொது நிலம் காத்த தொண்டரின் நினைவைப் பேணுவது எப்படி?

பொது நிலம் ஒன்றைக் காக்கப் பாடுபட்ட தொண்டர் மறைந்துவிட்டால், பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் செய்ய வேண்டிய முதல் வேலை அவருடைய காகிதங்களைக் காப்பாற்றுவதாகும். இரங்கல் கூட்டம் சற்றுத் தாமதமானால் குறையில்லை. கடிதங்களும் வரைபடங்களும் பழைய பேப்பர் லாரியில் ஏறிவிட்டால் அவற்றை மீட்க வழியே கிடையாது. எங்கள் வட்டாரத்துத் திடலுக்காகப் பல ஆண்டுகள் மனு எழுதிய ஐயா ஒருவரின் கோப்புகள் அப்படித்தான் போயின. இன்று அவர் செய்ததைச் சொல்ல நாங்கள் சிலர் இருக்கிறோம். காட்டுவதற்கு ஒரு தாள்கூட இல்லை. அந்த வருத்தத்தினால்தான் இதை எழுதுகிறேன்.

துக்க வீட்டில் காகிதம் கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும். குடும்பத்துக்கு நெருக்கமான ஒருவர் மூலம், எதையும் எறிய வேண்டாம், நாங்களே வந்து பிரித்துத் தருகிறோம் என்று சொல்லி வைத்தால் போதும். பிரிக்கும்போது கையொப்பமிட்ட மனுக்கள், மாநகர் மன்றத்தின் பதில்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்திய நகல்கள், திட்ட அறிவிப்புப் பலகையின் படங்கள் ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்குங்கள். இவற்றுள் அரசிதழ் நகலும் நில வரைபடமும் தனி மதிப்புடையவை. மலேசியாவின் தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆம் பிரிவின்படி அரசு நிலம் பொதுத் தேவைக்காக ஒதுக்கப்படுவது அரசிதழ் அறிவிப்பின் வழியாகவே என்பதால், அந்த ஒரு தாளைத் தேடி நில அலுவலகத்தில் காத்திருந்த நாள்களே பல தொண்டர்களின் உழைப்பில் பெரும்பகுதியாக இருக்கும். துருப்பிடித்த குண்டூசிகளைக் கழற்றிவிடுங்கள். புகைப்படங்களின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். பழைய தாளை லேமினேட் செய்யாதீர்கள். பிறகு அதைப் பிரித்தெடுக்க முடியாது.

அடுத்தது, அவருடன் நின்றவர்களின் வாய்மொழி. மண்டபத்தில் உட்கார வைத்துக் கேட்டால் புகழுரைதான் கிடைக்கும். அந்த நிலத்திலேயே காலையில் உடன் நடந்தபடி கேட்டால், எந்த மரத்தடியில் கையொப்பம் வாங்கினார், எந்த மூலையில் இயந்திரம் வந்து நின்றது என்பதெல்லாம் தாமாகவே வெளிவரும்.

மாற்றுக் கருத்துடையவர்களையும் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கோலாலம்பூரின் ரிம்பா கியாரா பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அடுக்குமாடித் திட்டத்துக்கு 2017-இல் அளிக்கப்பட்ட அனுமதியை எதிர்த்த வட்டாரவாசிகள், உயர் நீதிமன்றத்தில் 2018-இல் தோற்று, மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 2021-இல் வென்றனர். அந்த வெற்றியைக் கூட்டரசு நீதிமன்றம் 2023 ஏப்ரல் 18-ஆம் தேதி உறுதிசெய்தது. ஆனால் அதே மண்ணில், ரூமா பாஞ்சாங் எனப்படும் வரிசை வீடுகளில், முன்னாள் புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத் தொழிலாளரின் குடும்பங்கள் நிரந்தர வீட்டுக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருந்தன. அவர்களுக்கான வீடுகளும் அத்திட்டத்தில் அடங்கியிருந்தன. இத்தகைய போராட்டத்தில் நின்ற ஒருவரைப் பற்றி எழுதுபவர், நம் தோட்டத்து மக்களின் அந்தக் காத்திருப்பை விட்டுவிட்டு எழுதினால், தொண்டரின் வரலாறும் அரைகுறையாகவே நிற்கும்.

திரட்டியவற்றில் ஒரு படியைக் குடியிருப்பாளர் சங்கத்திடம் கொடுங்கள். மூலங்களைக் குடும்பத்தின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலுடன் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு வழங்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

நினைவுப் பலகை, இருக்கை, மரக்கன்று ஆகியவை கடைசியில் வரட்டும். பொது நிலத்தில் எதை வைப்பதற்கும் மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். பலகையில் பெயரோடு நில்லாமல், எந்த ஆண்டில் எந்த நிலம் எதிலிருந்து காக்கப்பட்டது என்பதைத் தமிழிலும் மலாயிலும் எழுதுங்கள்.

ஆண்டுத் திதியை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையில், கோத்தோங் ரோயோங் எனப்படும் கூட்டுத் துப்புரவுப் பணி முடிந்த பிறகு, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, அவர் விட்டுச்சென்ற வரைபடத்தின் நகலைக் கையில் வைத்து எல்லைக் கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வாருங்கள். ஒரு கல் காணவில்லை என்றால் அந்த வாரமே நில அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, அதன் முத்திரையிட்ட நகலை அவருடைய கோப்பிலேயே சேர்த்து வையுங்கள்.