விளையாட்டுச் சீட்டின் அளவில் அரூப ஓவியம்: வரைதலும் சேர்த்தலும்

திருகோணமலையின் டச்சுக்குடாக் கரையில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும் பழைய வள்ளமொன்றின் பக்கத்தை ஒரு சாண் தூரத்தில் நின்று பார்த்தால் வள்ளம் கண்ணிலிருந்து மறைந்துவிடும். மேலே பூசிய நீலத்தின் கீழிருந்து முந்திய பச்சையும், அதற்கும் கீழிருந்து காவி நிறமும் உரிந்து தெரிவது மட்டுமே எஞ்சும். சிற்றளவு அரூப ஓவியம் வரைய விரும்புபவர் முதலில் பழக வேண்டியது இந்தக் கிட்டப் பார்வையைத்தான். எதை வரைந்தோம் என்று காட்டவேண்டிய கடமை அங்கே இல்லை. எந்த நிறம் எந்த நிறத்தின் அருகே நிற்கிறது, விளிம்பு எங்கே முறிகிறது என்பதே முழு வேலை.

அளவைப் பொறுத்தவரை 64 மில்லிமீற்றர் அகலமும் 89 மில்லிமீற்றர் உயரமும் கொண்ட சீட்டை நான் பரிந்துரைக்கிறேன். சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் 1997இல் எம். வான்சி ஸ்டிர்னமன் என்ற கலைஞர் தொடக்கிவைத்த கலைஞர் பரிமாற்றச் சீட்டுகளின் அளவு இதுவே. சிறியது என்பதால் அது பயிற்சி வேலை மட்டுமே என்று எண்ணத் தேவையில்லை. 1914 ஏப்ரலில் துனீசியாவுக்குச் சென்ற ஓவியர் பவுல் கிளே, ஹம்மாமெத் என்னும் கடற்கரை ஊரைக் கட்டங்கட்டமான நிறங்களாக்கிய நீர்வர்ண ஓவியம் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் சதுரத்துக்குள் அடங்கிவிடுகிறது.

சீட்டுகளை முதலில் வெட்டிவிட்டு ஒவ்வொன்றாக வரையத் தொடங்குவதே பலர் செய்யும் தவறு. அவ்வாறு செய்தால் கை ஒடுங்கி, நான்கு மூலைகளையும் நிரப்பும் கவலையே மேலோங்கும். மாறாக, சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த நீர்வர்ணக் கடதாசியின் ஏ4 தாளொன்றைப் பலகையில் மாஸ்கிங் டேப்பால் நான்கு புறமும் ஒட்டி, மூன்று நிறங்களுக்கு மேல் எடுக்காமல், தாள் முழுவதும் எல்லை பாராது பூசுங்கள். காய்ந்தபின் ஒரு மட்டையில் 64க்கு 89 அளவில் சாளரம் வெட்டி, அதைத் தாளின்மேல் மெதுவாக நகர்த்துங்கள். நேராகவும், சரித்தும், தலைகீழாகவும் வைத்துப் பாருங்கள். கண் தானாக நிற்கும் இடத்தில் பென்சிலால் குறியிட்டு வெட்டுங்கள். ஒழுங்காக வெட்டினால் ஒரு தாளில் ஒன்பது சீட்டுகள் கிடைக்கும்; என் அனுபவத்தில் மூன்று தேறினாலே நல்ல நாள். மீதித் துண்டுகள் பின்னர் ஒட்டோவியத்துக்கு உதவும்.

நம் ஊரில் நிறத்தைப் போலவே காற்றும் ஓவியத்தில் பங்கெடுக்கிறது. வறண்ட தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் தண்ணீர் சொற்ப நேரத்தில் காய்ந்து, ஒவ்வொரு பூச்சின் ஓரத்திலும் கூரிய கோடு விழும். படைபடையாகப் பூசுவதற்கு அதுவே தகுந்த காலம். வாடைக்காலத்திலோ ஈரம் நெடுநேரம் நிற்பதால் ஒரு நிறம் மற்றொன்றுக்குள் கரைந்து பரவும். காற்றோடு மல்லுக்கு நிற்காமல், அந்தந்தக் காலத்துக்குரிய முறையைக் கைக்கொள்வதே நல்லது.

கடல் மணலை ஒட்டும் ஆசை இங்கே எவருக்கும் வரும். கடல் மணலிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து நாளடைவில் கடதாசியைக் கறைப்படுத்தும். ஆகவே நன்னீரில் பலமுறை அலசி, நன்கு உலர்த்திய மணலை மட்டும் பயன்படுத்துங்கள். புறாத்தீவு தேசியப் பூங்காவாதலால் அங்கிருந்து முருகைக்கல்லின் சிறு துண்டைக்கூட எடுத்துவரக் கூடாது. இன்னொன்று: கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் உருவத்தை மங்கலாக வரைந்து அரூபம் என்று பெயரிடுவதைத் தவிருங்கள். அது மங்கலான காட்சி ஓவியமே. மலையடியில் கடல் மோதும் இடத்தில் பாறையின் கருமை எந்த உயரத்தில் முடிந்து வெளிர்கிறது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒரு சீட்டுக்கு அது போதுமானது.

சேர்ப்பதற்கு வருவோம். பரிமாற்றச் சீட்டுகளின் வழக்கப்படி அவை விற்கப்படுவதில்லை. ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறுவதே முறை. ஆகவே பணமில்லாத பாடசாலை மாணவரும் சேகரிப்பாளராகலாம். சீட்டின் பின்புறத்தில் பெயர், திகதி, தொடரானால் அதன் இலக்கம், பயன்படுத்திய வர்ணம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். அரூப ஓவியத்தில் மேல்பக்கம் எதுவென்று ஒரு அம்புக்குறியும் இடுங்கள், ஏனெனில் ஆறு மாதங்களின் பின் வரைந்தவருக்கே அது மறந்துபோகும். பெறும்போது உங்கள் கைக்கு வராத வேலையைத் தேடுங்கள். என் வேலையெல்லாம் நீலமும் சாம்பலும் என்பதால், எனக்கு மிகப் பிடித்த சீட்டு முழுவதும் மஞ்சள் நிறமான ஒன்று.

பாதுகாப்பதில்தான் நான் அதிகம் இழந்தேன். ஒரு மார்கழி மழையில், பிவிசி பிளாஸ்ரிக் உறைகள் கொண்ட அல்பமொன்றில் நெருக்கி வைத்த, அக்ரிலிக் வர்ணம் பூசிய சீட்டுகள் உறையோடு ஒட்டிக்கொண்டன. நீர்வர்ணச் சீட்டுகளில் பூஞ்சணம் படர்ந்தது. இப்போது பொலிபுரொப்பிலீன் என்னும் வேறுவகைப் பிளாஸ்ரிக் உறைகளையே பயன்படுத்துகிறேன். அக்ரிலிக் சீட்டுகளுக்கு இடையில் கேக் வேகவைக்கும் தட்டில் விரிக்கும் வழுக்குக் கடதாசியை வைக்கிறேன். அவற்றை மூடி இறுகிய பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்து, பெட்டியைச் சுவரோடு சேராமல் உயரத்தில் வைப்பது நல்லது. சுவரில் மாட்ட விரும்பினால், அகன்ற வெள்ளை மட்டையின் நடுவே ஒரு சீட்டை மட்டும், வெயில் நேரே படாத இடத்தில் மாட்டுங்கள். பொன்னிறச் சட்டம் இத்தகைய சிறு வேலையை விழுங்கிவிடும்.

மழை ஓய்ந்து வெயில் நிலைத்ததும் எல்லாச் சீட்டுகளையும் நிழலில், மேசைமேல் ஒரு பகல் பரப்பி வையுங்கள். காற்றாடுவதற்காக விரித்த அவற்றுள் எவற்றைத் திரும்ப அடுக்கும்போது கை தயங்குகிறதோ, அவற்றை அடுத்த பரிமாற்றத்துக்கென்று தனி உறையில் ஒதுக்கிவிடலாம்.