வீட்டை ஒட்டிய பதிவில்லாத நிலத்தை உங்கள் பெயரில் பதிவது எப்படி? (இங்கிலாந்து, வேல்ஸ்)

வேலிக்கு உள்ளே ஒரு துண்டு நிலம். பல வருடங்களாக நாம்தான் அதைப் பராமரிக்கிறோம். ஆனால் நில உரிமைகளைப் பதியும் அரசு அலுவலகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் வரைபடத்தில் அது நம் வீட்டின் சிவப்புக் கோட்டுக்கு வெளியே கிடக்கிறது. இங்கிலாந்தில் வீடு வாங்கிய பலருக்கு இந்தச் சிக்கல் உண்டு. அதைச் சட்டப்படி உங்கள் பெயரில் பதியலாம், ஆனால் வரிசை தப்பாமல் போக வேண்டும். ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு என்பதால் அங்கே இருப்பவர்களுக்கு இது பொருந்தாது.

படி 1: பதிவில்லாத நிலம்தானா?

எஸ்.ஐ.எம். என்ற படிவத்தோடு, அந்தத் துண்டைக் குறித்த வரைபடத்தையும் வைத்து லேண்ட் ரெஜிஸ்ட்ரிக்கு அனுப்புங்கள். நிலம் யார் பெயரிலாவது பதிவாகியிருந்தால் அதன் பதிவு எண் பதிலில் வரும். நிலம் விற்கப்படும்போது பதிவு செய்வது நாடு முழுவதும் கட்டாயமானது 1990 டிசம்பர் 1 முதல்தான். அதற்குப் பிறகு கைமாறாத நிலங்கள் பல இன்னும் பழைய காகிதப் பத்திரங்களிலேயே கிடக்கின்றன.

பதிவான நிலம் என்று தெரிந்தால் கீழே உள்ள வழி உங்களுக்கு உதவாது. அதற்கு 10 வருட அனுபோகமும் (நிலத்தைக் கையில் வைத்து அனுபவித்திருப்பது) ஏ.டி.வி.1 என்ற வேறு படிவமும் வேண்டும். உரிமையாளருக்கு நோட்டீஸ் போகும். அவர் எதிர்த்தால் பெரும்பாலும் உங்களுக்குக் கிடைக்காது.

படி 2: உங்கள் பழைய பத்திரங்கள்

இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். வீட்டின் பழைய பத்திரங்களில் அந்தத் துண்டும் சேர்ந்தே இருந்து, முதல் பதிவின்போது வரைபடத்தில் மட்டும் விடுபட்டிருக்கலாம். அப்படியானால் அனுபோகத்தைக் காட்டி வாதாடவே தேவையில்லை, பத்திரமே போதும். பத்திரம் வங்கியிலோ பழைய சொலிசிட்டரிடமோ இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், கவுன்சிலின் சாலைப் பிரிவிலும் விசாரியுங்கள். பொதுச் சாலையைச் சேர்ந்த ஓரப் புல்தரை என்றால் எத்தனை வருடம் வேலி போட்டு வைத்திருந்தாலும் பயனில்லை.

படி 3: 12 வருடக் கணக்கு

பதிவில்லாத நிலத்துக்கு 1980ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 12 வருடம் கேட்கிறது. கிரவுன் லேண்ட் எனப்படும் அரச நிலமென்றால் 30 வருடம். அந்தக் காலம் முழுக்க இடைவெளியில்லாமல், வெளிப்படையாக, வேறு யாரையும் உள்ளே விடாமல் அதை உங்கள் கையில் வைத்திருந்திருக்க வேண்டும். இதைத்தான் எதிரிடை அனுபோகம் என்கிறார்கள்.

அவ்வப்போது புல் வெட்டியது, பிள்ளைகள் விளையாடியது எல்லாம் தனியாக நிற்காது. சுற்றி வேலி போட்டு அடைத்ததுதான் பலமான சான்று. உரிமையாளர் வாய்வார்த்தையாக அனுமதி கொடுத்திருந்தாலும் அந்தக் காலம் கணக்கில் சேராது. வாடகை கொடுத்தாலும் அப்படித்தான்.

நிலம் நம்முடையதே என்று நம்பியிருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. பெர்க்‌ஷயரில் ஒரு விவசாயக் குடும்பம், மேய்ச்சல் அனுமதி முடிந்த பிறகும் பக்கத்து நிலத்தைப் பயன்படுத்திவந்தது. உரிமையாளர் கேட்டிருந்தால் பணம் கொடுக்கத் தயாராக இருந்ததாகவும் ஒப்புக்கொண்டது. ஆனாலும் 2002இல், அன்றைய உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. நிலத்தைத் தன் வசம் வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் போதும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

நீங்கள் வந்து 12 வருடம் ஆகவில்லையா? உங்களுக்கு முன் அங்கே குடியிருந்தவரும் அப்படியே அனுபவித்து, இடையில் விடாமல் உங்களிடம் விட்டுப்போயிருந்தால் அந்த வருடங்களும் சேரும். அவர் எழுத்தில் உறுதி தர வேண்டும். வீடு வாங்கும்போதே இதை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பிறகு ஆளைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

உரிமையாளர் யாரென்று தெரிந்தால் நேர்மையாக விலை பேசி வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் கடிதம் எழுதும் முன் சொலிசிட்டரைப் பாருங்கள். 12 வருடம் முடியும் முன், நிலம் அவருடையது என்று கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால் கணக்கு அன்றிலிருந்து மறுபடி தொடங்கும்.

படி 4: சான்றுகள்

தேதியுள்ள படங்கள், வேலி போட்ட ரசீது, கூகுள் எர்த்தின் பழைய வான்படங்கள், அக்கம்பக்கத்தாரின் உறுதிமொழி எல்லாவற்றையும் சேருங்கள். முக்கியமானது எஸ்.டி.1 (ST1) என்ற உண்மை உறுதிமொழிப் படிவம். நிலம் எப்போது, எப்படி உங்கள் கைக்கு வந்தது, யார் அடைத்தது, சாவி யாரிடம் என்று உங்களுக்கு நேரடியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். வருடத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். தெரிந்தே பொய் சொன்னால் அது குற்ற வழக்காகும்.

படி 5: விண்ணப்பம்

முதல் பதிவுக்கான எஃப்.ஆர்.1 படிவம், ஆவணப் பட்டியலுக்கான டி.எல். (DL) படிவம், எஸ்.டி.1, அளவோடு வரைந்த வரைபடம், நில மதிப்புக்கு ஏற்ற கட்டணம் ஆகியவற்றை ஒன்றாக அனுப்புங்கள். சர்வேயர் வந்து பார்க்கலாம். பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு நோட்டீஸ் போகும். யாராவது எதிர்த்து, பேசியும் தீராவிட்டால் விஷயம் தீர்ப்பாயத்துக்குப் போகும். அந்தக் கட்டத்தில் தனியாகப் போராடாமல் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாக நடந்தால் பெரும்பாலும் கிடைப்பது 'அனுபோக உரிமை' மட்டுமே, முழு உரிமை அல்ல. பழைய உரிமையாளர் வலுவான ஆதாரத்தோடு வந்தால் சிக்கல் வரலாம் என்பதால், வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வங்கி காப்பீடு கேட்கக்கூடும். அனுபோக உரிமை பதிவாகி 12 வருடம் ஆன பிறகு, நிலம் அப்போதும் உங்கள் வசம் இருந்தால், யு.டி.1 (UT1) படிவம் கொடுத்து முழு உரிமையாக உயர்த்தக் கேட்கலாம்.