கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைகள்: எதை, எந்த வயதில் தேர்ந்தெடுப்பது?

கருப்பை வாய்ப் புற்றுநோய் திடீரென்று வருவதில்லை. எச்.பி.வி. எனப்படும் வைரஸின் தீவிர வகைகள், அவற்றிலும் குறிப்பாக 16, 18 ஆகிய எண்களுடைய வகைகள், கருப்பை வாயில் பல ஆண்டுகள் விலகாமல் தங்கிவிட்டால் அங்குள்ள செல்கள் மெல்லத் திரிந்து, பெரும்பாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்தே புற்றாக மாறுகின்றன. இவ்வளவு அவகாசம் தரும் நோய் இது என்றபோதிலும், 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இந்நோய் புதிதாக ஏற்பட்டதாகவும், ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் இதனால் இறந்ததாகவும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது.

புழக்கத்தில் உள்ள முறைகள் மூன்று. அவற்றை ஒப்பிடும்போது செலவையும் வலியையும் மட்டும் பார்ப்பது போதாது. முடிவு ‘நெகட்டிவ்’ என்று வந்தால் எத்தனை ஆண்டுகளுக்குக் கவலையின்றி இருக்கலாம் என்பதே நான் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. உடலுறவுக்குப் பின் ரத்தம் வருதல், மாதவிடாய் முற்றிலும் நின்ற பிறகு ரத்தப்போக்கு, நாற்றத்துடன் கூடிய வெள்ளைப்படுதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் கீழே சொல்லப்படுபவை உங்களுக்கானவை அல்ல. இவை அறிகுறி இல்லாதவர்களுக்கான பரிசோதனைகள். அறிகுறி உள்ளவர்கள் நேராக மகப்பேறு மருத்துவரிடம் செல்ல வேண்டும். பழைய நெகட்டிவ் முடிவைக் காட்டி நாளைக் கடத்தக் கூடாது.

தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்யப்படுவது வி.ஐ.ஏ. எனப்படும் முறை. செவிலியர் ஸ்பெகுலம் என்னும் விரிப்புக் கருவியை வைத்துக் கருப்பை வாயைத் தெரியச் செய்து, 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துத் தடவுவார். சமையலறை வினிகரின் அதே அமிலம்தான். லேசாக எரியும், அவ்வளவே. ஒரு நிமிடம் காத்திருந்து நல்ல வெளிச்சத்தில் பார்க்கையில், திரிந்த செல்கள் உள்ள இடம் தெளிவான விளிம்புடன் வெள்ளைத் திட்டாகத் தெரியும். முடிவை அங்கேயே சொல்லிவிடலாம் என்பது இதன் பெரும் பலம். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஒரே ஒரு முறை இதைச் செய்ததிலேயே நோய் கால்பங்கும், அதனால் ஏற்படும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. ஆனால் பார்ப்பவரின் கண்ணையே முழுதும் நம்பியிருக்கும் முறை இது. சாதாரண அழற்சிகூட வெள்ளையாகத் தெரியக்கூடும். தவிர, ஐம்பது வயதை நெருங்கும்போது செல்கள் மாறும் எல்லைப் பகுதி கருப்பை வாயின் உட்குழாய்க்குள் ஏறி மறைந்துவிடுவதால், அந்த வயதுக்கு மேல் இதன் நெகட்டிவ் முடிவு அதிகம் சொல்வதில்லை.

இரண்டாவது முறையான பாப் ஸ்மியரில் கருப்பை வாயிலிருந்து செல்களைத் தேய்த்தெடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசி உடனே ஆல்கஹாலில் வைப்பார்கள். காற்றில் உலரவிட்டால் மாதிரி கெட்டுவிடும். தகட்டைப் படிக்கத் தேர்ந்த நோயியல் வல்லுநர் வேண்டும். ‘கோளாறு உண்டு’ என்று இது சொன்னால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ‘இல்லை’ என்று ஒரே முறை சொல்வதை அந்த அளவுக்கு நம்ப முடியாது. ஆகவேதான் மூன்றாண்டுக்கு ஒருமுறை திரும்பச் செய்யச் சொல்கிறார்கள். மாதவிடாய் நாட்களைத் தவிர்த்து, முந்தைய இரண்டு நாட்கள் உடலுறவும் பிறப்புறுப்பில் வைக்கும் மருந்தும் இல்லாமல் செல்ல வேண்டும்.

மூன்றாவது, எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை. இது செல் மாறியதா என்று பார்ப்பதில்லை. மாற்றக்கூடிய வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிறது. மகாராஷ்டிரத்தின் அன்றைய உஸ்மானாபாத் (இன்று தாராசிவ்) மாவட்டத்தில் சுமார் 1.3 லட்சம் பெண்களிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வு மூன்று முறைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தது. எச்.பி.வி. பரிசோதனை செய்யப்பட்ட குழுவில் மட்டும் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதைவிட முக்கியமாக நான் கருதுவது, நெகட்டிவ் என்று சொல்லப்பட்டவர்களுக்குப் பின்னாளில் புற்று வந்த விகிதம், மற்ற இரு குழுக்களில் இருந்ததில் நான்கில் ஒரு பங்காகவே இதில் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதையே முதன்மைப் பரிசோதனையாகப் பரிந்துரைத்து, 30 வயதில் தொடங்கி ஐந்து முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் போதும் என்றது. மாதிரியைப் பெண் தானே மெல்லிய குச்சிப் பஞ்சால் எடுத்துத் தரலாம் என்பதால், ஸ்பெகுலத்துக்குக் கூச்சப்பட்டே தள்ளிப்போடுபவர்களுக்கு இது பேருதவி. மற்ற இரு முறைகளில் அதற்கு வழியில்லை.

ஆகவே 30 வயதைக் கடந்தவர், வசதி கிடைத்தால் எச்.பி.வி. பரிசோதனையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. முப்பதுக்குக் கீழ் இது பொதுவாக வேண்டாம். அந்த வயதில் தொற்று பரவலாக இருந்தாலும் ஓரிரு ஆண்டுகளில் தானே நீங்கிவிடும், வீண் பயமே மிஞ்சும். எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள் மட்டும் 25 வயதிலேயே தொடங்கி, மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும். எச்.பி.வி. பரிசோதனை எட்டாத ஊரில், வரும் என்று காத்திருப்பதைவிட இன்று கிடைக்கும் வி.ஐ.ஏ.வைச் செய்துகொள்வது எவ்வளவோ மேல். எச்.பி.வி. தடுப்பூசி போட்டவர்களுக்கும் பரிசோதனை உண்டு.

‘பாசிட்டிவ்’ என்றால் புற்றுநோய் என்று பொருளல்ல. எச்.பி.வி. 16 அல்லது 18 இருந்தால் கோல்போஸ்கோபி செய்து (கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்த்து), தேவைப்பட்டால் சிறு திசுவை எடுத்துப் பார்ப்பார்கள். பிற வகையாக இருந்தால் பாப் ஸ்மியரோ வி.ஐ.ஏ.வோ செய்து, அது சரியாக இருந்தால் இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். முன்புற்று நிலை, அதாவது செல்கள் திரிந்தும் இன்னும் புற்றாகாத நிலை, உறுதியானால், குளிர்வித்தோ சுட்டோ அந்தத் திசுவை அழிக்கும் சிகிச்சை பெரும்பாலும் அன்றே முடிந்து வீடு திரும்பலாம். ஓராண்டில் மறுபரிசோதனை கட்டாயம்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கடைசி வரியை மட்டும் பார்க்காதீர்கள். ‘அன்சாட்டிஸ்ஃபேக்டரி’ என்று இருந்தால் மாதிரி போதவில்லை என்று பொருள்; அதை நெகட்டிவ் என்று எண்ணிக் கோப்பில் வைத்துவிடுபவர்கள் உண்டு. அதேபோல, ‘கர்ப்பப்பையை எடுத்தாயிற்று, இனி எதற்கு?’ என்பவர்கள், அறுவைச் சிகிச்சையின்போது கருப்பை வாயும் சேர்த்து எடுக்கப்பட்டதா, எதற்காக எடுத்தார்கள் என்பதை டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.