டிசம்பர் கடைசி வாரத்து மிஷனரி காணிக்கை: எங்கே தவறுகிறோம்?

தேங்க்ஸ்கிவிங் முடிந்த மறுவாரமே அமெரிக்கத் தமிழ்ச் சபைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் படங்கள் வரத் தொடங்கிவிடும். கூரை போடாத ஜெப வீடு, பைக் கேட்கும் சுவிசேஷகர், கிறிஸ்துமஸ் உடைக்குக் காத்திருக்கும் விடுதிப் பிள்ளைகள். படத்துக்கு அடியில் இந்தியாவில் உள்ள ஒரு வங்கிக் கணக்கு எண் இருக்கும். "31-ஆம் தேதிக்குள் கொடுத்தால் வரிவிலக்கும் உண்டு" என்று யாரோ சேர்த்து எழுதுவார். உடனே வரிசையாக ஆமென் விழும்.

சபைக் கணக்கைப் பார்ப்பவன் என்ற முறையில் எனக்கு அந்த ஆமென்களைப் பார்த்தாலே தலைவலி வந்துவிடுகிறது. புதிதாகக் கொடுக்கத் தொடங்கும் இளம் குடும்பங்கள், நாங்களெல்லாம் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளை அப்படியே செய்கிறார்கள். மோசடிக்காரர்களிடம் ஏமாறாதீர்கள், கடன் வாங்கிக் காணிக்கை போடாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரிந்தவர்களும் நல்லவர்களும் செய்கிற தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊழியரின் சொந்தக் கணக்குக்கே பணம் போடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான்.

"பிரதர், நம்ம ஊர் பாஸ்டர்தானே, சின்ன வயசிலிருந்து தெரியும். நடுவில் எதற்கு இத்தனை பேப்பர்? நேராகவே போட்டுவிடுகிறேன்" என்பார்கள். பணம் அனுப்பும் செயலியைத் திறந்தால் எதற்காக அனுப்புகிறீர்கள் என்று ஒரு கேள்வி வரும். பட்டியலில் முதலில் இருப்பது பெரும்பாலும் 'குடும்பப் பராமரிப்பு'. அதைத் தட்டினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. கொடுத்தவருக்கு மனநிறைவு.

இதில் இரண்டு பக்கமும் நஷ்டம். இந்தப் பக்க நஷ்டம் சின்னது: அமெரிக்க வருமான வரிச் சட்டப்படி வெளிநாட்டுத் தனிமனிதருக்கோ வெளிநாட்டு அறக்கட்டளைக்கோ நேராகக் கொடுத்த பணத்துக்கு வரிக்கழிவு கிடையாது. கனடா, மெக்சிகோ, இஸ்ரேல் நாடுகளுக்கு ஒப்பந்தப்படி சில விதிவிலக்குகள் உண்டு. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை.

அந்தப் பக்க நஷ்டம்தான் பெரியது. இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010, எல்லோரும் சொல்கிற எஃப்சிஆர்ஏ, மதம், கல்வி, சமூகப் பணி போன்ற திட்டத்தோடு இயங்கும் எவரும் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது என்கிறது. மீறினால் சிறைத்தண்டனை வரை போகும். நீங்கள் நியூஜெர்சியில் இருப்பீர்கள். அழைப்பாணை சத்தீஸ்கரில் இருப்பவருக்குத்தான் போகும்.

எனக்குத் தெரிந்து நடந்தது ஒன்று. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மத்திய இந்தியாவுக்குப் போய் ஊழியம் செய்யும் ஒருவருக்கு, ஜெப வீட்டுக்குத் தகரக் கூரை போட இங்கிருந்து சில குடும்பங்கள் கிறிஸ்துமஸ் வாரத்தில் தனித்தனியாக அனுப்பினார்கள். எல்லோரும் தட்டியது 'குடும்பப் பராமரிப்பு'தான். மாதம் சில ஆயிரங்கள் மட்டும் வந்துபோகும் சேமிப்புக் கணக்கில், ஒரே வாரத்தில், ஒரே நாட்டிலிருந்து, வேறு வேறு குடும்பப் பெயர்களில் டாலர் வந்தால் வங்கி கேட்காதா? கேட்டது. இவர்கள் உங்களுக்கு என்ன உறவு என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. கணக்கை முடக்கிவிட்டார்கள். கூரைப் பணத்தோடு அவருடைய மாதச் சம்பளமும் உள்ளே மாட்டிக்கொண்டது. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு அவர் கைமாற்று வாங்க வேண்டி வந்தது. பணம் அனுப்பியவர்களில் ஒருவர் என்னிடம், "நாங்கள் நல்ல எண்ணத்தோடுதானே செய்தோம்" என்றார். அவர் எண்ணத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை வங்கி மேலாளருக்கு எப்படி விளக்குவது என்பதுதான் தெரியவில்லை.

இந்த இடத்தில் மூன்று சாக்குகள் திரும்பத் திரும்ப வரும்.

முதலாவது, "அவர் என் சொந்தக்காரர்". உறவினர்கள் தங்களுக்குள் கொடுப்பதற்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் உறவு யார் என்பதற்குப் பட்டியலும் உண்டு. பெற்றோர், பிள்ளைகள், மருமக்கள், உடன்பிறந்தோர், கணவன் மனைவி என்று அது சுருக்கமான பட்டியல். பெரியப்பா மகன் நமக்கு அண்ணன்தான். அந்தப் பட்டியலில் அவர் இல்லை. அப்புறம், அந்த விலக்கு சொந்தச் செலவுக்குக் கொடுக்கிற பணத்துக்கு. ஆலயம் கட்டும் பணத்துக்கு அதைக் காட்ட முடியாது.

இரண்டாவது, "நான் இந்தியன்தானே". இதில் உண்மை இருக்கிறது. இந்தியக் குடிமகன் எந்த நாட்டில் வாழ்ந்தாலும், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. எச்1பி விசாவில் இருப்பவரும் கிரீன் கார்டு வைத்திருப்பவரும் இதில் அடக்கம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய நாளிலிருந்து நீங்கள் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை கையில் இருந்தாலும் அப்படித்தான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாட்டுப் பாடும் இரண்டு பேரில் ஒருவர் கொடுப்பது சரி, இன்னொருவர் கொடுப்பது குற்றம். இந்தியப் பாஸ்போர்ட் இருப்பவர்கூட ஊழியரின் சொந்தக் கணக்குக்குப் போடாமல், பதிவுபெற்ற அறக்கட்டளையின் உள்நாட்டுக் கணக்குக்குப் போட்டு, கூடவே பாஸ்போர்ட் நகலையும் கொடுத்துவிடுவது நல்லது. அந்தப் பணத்துக்கும் அமெரிக்காவில் வரிக்கழிவு கிடையாது.

மூன்றாவது, "பெரிய நிறுவனம் ஒன்று வாங்கி இவருக்குக் கொடுத்துவிடுமே". 2020 திருத்தத்துக்கு முன்பு அப்படி நடந்தது. இப்போது எஃப்சிஆர்ஏ பணத்தை ஓர் அமைப்பு இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவே கூடாது. பதிவு வாங்குவதும் சின்ன ஊழியங்களுக்கு எட்டாத காரியம். மூன்று ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் பணிக்குச் செலவழித்திருக்கவும் வேண்டும். கடுமையான விதிதான். எனக்கும் அதில் வருத்தம் உண்டு. அதற்காக அந்தச் சுமையைக் கிராமத்து ஊழியரின் பாஸ்புக்கில் இறக்கிவைப்பது நியாயமில்லை.

சரி, நேர்வழி எது? அமெரிக்காவில் 501(சி)(3) என்ற வரிவிலக்குத் தகுதியுள்ள சபைக்கோ மிஷன் அமைப்புக்கோ கொடுங்கள். அங்கிருந்து எஃப்சிஆர்ஏ பதிவுள்ள இந்திய அமைப்புக்குப் பணம் போகட்டும். காசோலையின் குறிப்பில் இன்னார் பாஸ்டருக்கு என்று எழுதாதீர்கள். இங்குள்ள சபை வெறும் தபால்காரராக இருந்தால் உங்கள் வரிக்கழிவை அமெரிக்க வருமான வரித்துறையான ஐஆர்எஸ் மறுக்கலாம். அந்தப் பணியை ஆராய்ந்து, தீர்மானம் போட்டு ஏற்று, பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்கும் அதிகாரம் சபையிடம் இருக்க வேண்டும். 'சபை ஏற்றுள்ள வடஇந்தியப் பணிக்கு' என்று எழுதினால் போதும்.

இந்திய அமைப்பு தரும் கணக்கு விவரத்தையும் ஒருமுறை பாருங்கள். 2021 ஏப்ரல் முதல் எல்லா எஃப்சிஆர்ஏ பணமும் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும். கிளை எண் 00691. அங்கிருந்து அவர்கள் தங்கள் ஊர்க் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். டாலர் அனுப்ப நாகர்கோவில் கிளைக் கணக்கைத் தந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

போன வருஷம் சரியாக இருந்ததே என்று விட்டுவிடுவது

எஃப்சிஆர்ஏ பதிவு ஐந்து ஆண்டுகளுக்குத்தான். அன்னை தெரசாவின் மிஷனரிஸ் ஆஃப் சாரிட்டிக்கே 2021 கிறிஸ்துமஸ் அன்று புதுப்பிக்க மறுத்து, ஜனவரி முதல் வாரத்தில் திரும்பக் கொடுத்தார்கள். அந்தப் புத்தாண்டு பிறந்தபோது ஏறத்தாழ 6,000 அமைப்புகளுக்குப் பதிவு இல்லாமல் போயிருந்தது. வேர்ல்டு விஷன் இந்தியாவின் பதிவு 2024 ஜனவரியில் ரத்தானது. அதற்கு முன்பு, 2017-இல் கம்பேஷன் இன்டர்நேஷனல் தன் இந்தியப் பணியையே மூடியது; ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான பிள்ளைகளுக்கு உதவி நின்றது.

பதிவு உள்ளவை, ரத்தானவை, காலாவதியானவை என்று உள்துறை அமைச்சகத்தின் எஃப்சிஆர்ஏ தளத்தில் மாநிலம், மாவட்ட வாரியாகப் பட்டியல் இருக்கிறது. பணம் அனுப்பும் அதே வாரத்தில் பாருங்கள். செப்டம்பரில் பார்த்தது டிசம்பருக்கு உதவாது.

ரசீதை அலட்சியமாக வாங்கிக்கொள்வது

250 டாலரோ அதற்கு மேலோ ஒரே தடவையாகக் கொடுத்தால், காசோலை நகல் மட்டும் போதாது. பெற்றுக்கொண்ட அமைப்பின் எழுத்துமூல ரசீது வேண்டும். அதில் 'இதற்குக் கைம்மாறாகப் பொருளோ சேவையோ தரப்படவில்லை' என்றோ, 'ஆன்மிகப் பயன் மட்டுமே' என்றோ ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

ஒரு வரிதானே என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வழக்கு. 2007-இல் தங்கள் சபைக்கு 22,000 டாலருக்கு மேல் கொடுத்த ஒரு தம்பதிக்கு அந்தக் கழிவை மறுத்தார்கள். ரசீது இருந்தது, காசோலைகள் இருந்தன. அந்த வரி மட்டும் இல்லை. பிறகு சபை திருத்திய ரசீது கொடுத்தது. காலம் கடந்துவிட்டது என்று 2012-இல் வரி நீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாளுக்குள் சரியான ரசீது உங்கள் கையில் இருக்க வேண்டும். பொருளாளர்களே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

மிஷன் நிதிக்காக நடத்தும் பிரியாணி விருந்துக்கும் இதே கணக்கு. சீட்டு 100 டாலர், சாப்பாட்டின் மதிப்பு 25 டாலர் என்றால் உங்கள் காணிக்கை 75 டாலர்தான். பிரியாணி எப்படி இருந்தது என்பதை ஐஆர்எஸ் கேட்பதில்லை.

31-ஆம் தேதி வரை காத்திருப்பது

காணிக்கை எந்த ஆண்டுக் கணக்கில் சேரும் என்பதைத் தேதிதான் முடிவு செய்யும்: காசோலை என்றால் தபாலில் சேர்த்த தேதி, கிரெடிட் கார்டு என்றால் தேய்த்த தேதி, பங்குகள் என்றால் அமைப்பின் கணக்கில் போய்ச் சேர்ந்த தேதி. பங்கு மாற்றத்துக்கு டிசம்பர் கடைசி வாரத்தில் எந்த தரகு நிறுவனமும் உங்களுக்காக ஓடிவராது. மாதத் தொடக்கத்திலேயே படிவம் கொடுங்கள். ஜனவரித் தேதி போட்ட காசோலை ஜனவரிக் கணக்கு.

ரசீது இருந்தாலே வரி குறையும் என்று நம்புவது

பலருக்கு ஒரு டாலர்கூடக் குறையாது. ரசீது எதுவும் காட்டாமலே கிடைக்கும் நிலையான கழிவு, 2025-க்குத் தம்பதியருக்கு 31,500 டாலர். வீட்டுக் கடன் வட்டி, மாநில வரி, காணிக்கை எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டினால்தான் பலன். 2026 முதல் கணக்கு மாறுகிறது. நிலையான கழிவு எடுப்பவர்களும் பணமாகக் கொடுத்த காணிக்கையில் தம்பதியருக்கு 2,000 டாலர் வரை கழிக்கலாம். நிலையான கழிவு எடுக்காமல் வட்டி, வரி, காணிக்கை என்று ஒவ்வொன்றாகக் கணக்குக் காட்டுபவர்களுக்கோ வருமானத்தில் அரை சதவீதத்துக்கு மேற்பட்ட காணிக்கைக்குத்தான் கழிவு. இரண்டு ஆண்டுக் காணிக்கையை ஒரே ஆண்டில் சேர்த்துக் கொடுப்பதும் ஒரு வழி. ஆனால் அப்படிச் செய்தால் பணித்தளத்தில் இருப்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடுத்த டிசம்பரில் ஒன்றும் வராது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

பங்கை விற்றுப் பணமாகக் கொடுப்பது

ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விலை ஏறிய பங்கை விற்காமல் பங்காகவே கொடுங்கள். மூலதன ஆதாய வரி மிச்சம். உங்களோடு அமெரிக்காவில் இருக்கும் பெற்றோருக்கு 70½ வயது ஆகி, ஐஆர்ஏ ஓய்வுக்காலக் கணக்கும் இருந்தால், அதிலிருந்து நேராகவே கொடுக்கலாம். 2025-க்கு வரம்பு 1,08,000 டாலர்.

"என் பணம் முழுவதும் ஊழியத்துக்கே போக வேண்டும்"

கணக்கரும் தணிக்கையாளரும் காற்றைக் குடித்தா வாழ்கிறார்கள்? எஃப்சிஆர்ஏ சட்டமே நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதம் வரை அனுமதிக்கிறது. முன்பு அது 50 ஆக இருந்தது. அமைப்பு அந்த வரம்புக்குள் நிற்கிறதா என்று கேளுங்கள், போதும். நிர்வாகச் செலவே இல்லை என்று சொல்கிற அமைப்பை நான் நம்புவதில்லை.

கட்டடத்துக்கு மட்டும் கொடுப்பேன் என்பதும் இதே வகைதான். கட்டடத்தில் பெயர்ப்பலகை வைக்கலாம், மிஷனரியின் மாதச் சம்பளத்தில் வைக்க முடியாது. அதனால்தான் டிசம்பரில் சிமென்ட்டுக்குப் பணம் குவிகிறது, ஜூன் மாதத்தில் சம்பளம் பாக்கி நிற்கிறது.

ஞானஸ்நானப் படம் கேட்பது

கேட்காதீர்கள். உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் உட்படப் பல மாநிலங்களில் மதமாற்றத் தடைச் சட்டங்கள் இருக்கின்றன. உங்கள் சபைத் திரையில் காட்டும் படம் அங்கே ஒரு வழக்கின் சாட்சியாகிவிடும். பிள்ளைகளின் முகமும் வேண்டாம்.

பழைய துணிப் பெட்டி அனுப்புவது

வேண்டவே வேண்டாம்.

ஊருக்குப் போகும்போது கையிலேயே கொண்டுபோய்க் கொடுப்பது

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போகிறவரிடம் ஆளுக்கொரு உறை கொடுத்துவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. டாலரை அங்கே ரூபாயாக மாற்றிக் கொடுத்தால் சட்டம் தொடாது என்பது தவறான எண்ணம். கொடுப்பவர் வெளிநாட்டுக் குடிமகன் என்றால் ரூபாயில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். நோட்டாக 5,000 டாலருக்கு மேல் கொண்டுபோனால் இந்தியச் சுங்கத்தில் அறிவிக்கவும் வேண்டும். கொண்டுபோகிறவர் ஓசிஐ அட்டைக்காரராக இருந்து, போன இடத்தில் இரண்டு நாள் கூட்டங்களில் பிரசங்கிக்கவும் திட்டமிட்டிருந்தால், மிஷனரிப் பணிக்கு 2021 முதல் சிறப்பு அனுமதி தேவை என்பதைப் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.